ஆங்கில வினைச்சொற்களின் போக்கும் வரத்தும்

சாயங்காலம் ஆறு மணி. தரமணியில் ஒரு ஐடி கம்பெனி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் “ஓகே, ஐ வில் கோ அண்ட் கம்” என்கிறார். பக்கத்து சீட்டு தமிழர் என்றால் வம்பே இல்லை. “சரி பாஸ், பார்த்துப் போங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். லண்டனிலிருந்து வந்திருக்கும் மேனேஜர் என்றால், ஆள் டீ குடிக்கப் போகிறார், பத்து நிமிஷத்தில் சீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்து ஆறேகால் மீட்டிங்கில் இவர் பேரையும் சேர்த்துவிடுவார்.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. “போறேன்” என்று மொட்டையாகச் சொன்னால் வீட்டில் திட்டு விழும் என்று வளர்ந்தவர்கள் நாம். போகும்போதே வரவையும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலக்காரர் காதில் ‘கோ’ விழுந்தால் போவதையும், ‘கம்’ விழுந்தால் வருவதையும் நிஜமாகவே எதிர்பார்ப்பார். அவர் விடைபெறும்போது “ஐ ஆம் ஆஃப்” என்பார், “சீ யூ டுமாரோ” என்பார். டீக்குப் போய்த் திரும்புவதென்றால் “ஐ வில் பீ பேக் இன் டென் மினிட்ஸ்”. இந்த மூன்றிலும் போவதற்கான வினையும் இல்லை, வருவதற்கான வினையும் இல்லை.

நகர்வைச் சொல்லும் ஆங்கில வினைகளில் நம்மவர்களுக்கு வரும் தடுமாற்றம் பெரும்பாலும் இந்த ரகம்தான். தனிச்சொல்லின் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். தமிழ் எதைக் கட்டாயம் சொல்ல வைக்கிறது, ஆங்கிலம் எதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது என்கிற இடத்தில்தான் கால் இடறுகிறது.

வருவதும் போவதும்

‘கம்’ என்றால் வா, ‘கோ’ என்றால் போ. ஒன்றாம் வகுப்புப் பாடம். ஆனால் இந்த ஜோடிக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. பேசுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்தால் ‘கம்’, இது சுலபம். கேட்கிறவர் இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்தாலும் ‘கம்’தான். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுகிறார். “இதோ வர்றேன்” என்கிறோம். ஆங்கிலத்திலும் “ஐ ஆம் கமிங்”. யோசித்துப் பார்த்தால் நான் என் இடத்தை விட்டுப் போகத்தான் போகிறேன். ஆனாலும் அம்மா நிற்கும் இடத்திலிருந்து பார்த்துப் பேசுகிறேன். எல்லா மொழியும் இப்படிச் செய்வதில்லை. ஸ்பானிஷ்காரரும் ஜப்பானியரும் இதே இடத்தில் “இதோ போகிறேன்” என்பார்கள்.

சார்லஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1971இல் கலிஃபோர்னியாவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், “மே வீ கம் இன்?” என்ற நாலே சொல் வாக்கியத்தை எடுத்துவைத்துக்கொண்டு அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரிடம் அனுமதி கேட்கிறார்கள் என்று நிதானமாகப் பிரித்துக் காட்டினார். அது முக்கியமான வேலைதான். ஆனால் நம்மூர் ஆள் இதே விஷயத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சூத்திரமாக எழுதிவிட்டார். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு வினைகளை ஒன்றாக வைத்துப் பேசுகிறார் தொல்காப்பியர். வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியவை. அதாவது ‘வா’ என்பது என்னிடமும் வரும், உன்னிடமும் வரும். அவனிடம் போகத்தான் வேண்டும். ஆங்கில ‘கம்’முக்கு இதைவிடச் சுருக்கமான விதியை நான் பார்த்ததில்லை. தமிழில் ‘தா’வுக்கும் ‘கொடு’வுக்கும் இருந்த பிரிவு இன்று பேச்சில் கலந்துபோய்விட்டது, மலையாளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கும் உனக்கும் என்றால் தருவது, அவனுக்கு என்றால் கொடுப்பது.

ஆகவே ‘கம்’, ‘கோ’ திசை விஷயத்தில் தமிழருக்குப் பெரிய கஷ்டம் இருக்கக் கூடாது. டாலஸில் இருக்கும் கிளையண்டுக்கு மெயில் எழுதினால் “ஐ ஆம் கமிங் டு டாலஸ் இன் மார்ச்”. அதே பயணத்தைச் சென்னை எச்.ஆரிடம் சொன்னால் “ஐ ஆம் கோயிங் டு டாலஸ்”. தமிழில் எப்படி வாயில் வருகிறதோ அப்படியே விடலாம்.

சிக்கல் வேறு இடத்தில். தமிழ் ‘வா’ மனுஷர்களோடு நிற்பதில்லை. காய்ச்சல் வரும், கோபம் வரும், கரண்ட் வரும், தூக்கம் வரும், இங்கிலீஷ் வராது. இவற்றை அப்படியே மாற்றி “ஃபீவர் கேம்” என்றால் புரியும், ஆனால் உறுத்தும். காய்ச்சலுக்கு “ஐ காட் அ ஃபீவர்”, கோபத்துக்கு “ஐ காட் ஆங்ரி”, தூக்கத்துக்கு “ஐ ஆம் ஸ்லீப்பி”, கரண்டுக்கு “த பவர் இஸ் பேக்”. வருவது பெரும்பாலும் ‘கெட்’டாகவோ ‘பீ’யாகவோ மாறிவிடுகிறது. ‘போ’ பக்கம் இந்தத் தொல்லை குறைவு. பால் கெட்டுப் போச்சு, காரியம் தப்பாப் போச்சு என்று கெட்டதுக்கெல்லாம் நாம் ‘போ’ போடுவோம். ஆங்கிலமும் ‘கோ பேட்’, ‘கோ ராங்’, ‘கோ மேட்’ என்றுதான் போகும். கனவு பலித்தால் மட்டும் ‘கம் ட்ரூ’. நல்லது நம் பக்கம் வருகிறது, கெட்டது நம்மை விட்டுப் போகிறது என்கிற மனக்கணக்கு இரண்டு ஊரிலும் இருக்கிறது போல.

‘போயிருக்கார்’ என்ற ஒரு சொல்லைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். “சார் கோயம்புத்தூர் போயிருக்கார்” என்றால் இப்போது ஆள் இல்லை. “சார் கோயம்புத்தூரெல்லாம் போயிருக்கார்” என்றால் எப்போதோ போய்த் திரும்பிய அனுபவம். தமிழில் ஒரே சொல்; இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிளக்கிறது. ஆள் அங்கேயே இருந்தால் “ஹி ஹேஸ் கான் டு கோயம்புத்தூர்”. போய்த் திரும்பியாகிவிட்டது என்றால் “ஹி ஹேஸ் பீன் டு கோயம்புத்தூர்”. இண்டர்வியூவில் எதிரே உட்கார்ந்துகொண்டு “ஐ ஹாவ் கான் டு சிங்கப்பூர்” என்று சொன்னால், சிங்கப்பூரில் இருக்கிற ஆள் இங்கே எப்படிப் பேசுகிறார் என்று கேட்பவருக்கு ஒரு நொடி குழம்பும். “ஐ ஹாவ் பீன் டு சிங்கப்பூர்”. தன்னைப் பற்றிச் சொல்லும்போது அநேகமாக எப்போதும் ‘பீன்’தான்.

எடுத்துட்டு வா, கொண்டு போ

‘பிரிங்’, ‘டேக்’ இரண்டும் ‘கம்’, ‘கோ’வின் முதுகில் சுமையை ஏற்றிய வடிவங்கள். கொண்டு வந்தால் ‘பிரிங்’, கொண்டு போனால் ‘டேக்’. தமிழில் வாவும் போவும் சொல்லுக்குள்ளேயே தெரிவதால் தப்பு நடக்க வாய்ப்பில்லை என்று தோன்றும். ஆனாலும் “டேக் தட் சேர் அண்ட் கம்” என்று ஆபீஸில் காதில் விழாத நாளில்லை. எடுத்துட்டு வா என்பதில் உள்ள ‘எடு’வை ‘டேக்’ ஆக்கி, ‘வா’வை ‘கம்’ ஆக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே வினை: “பிரிங் தட் சேர் ஹியர்”.

நாற்காலி பக்கத்து அறையில் இருந்தால்? நீ இங்கேயிருந்து போய், எடுத்து, திரும்பி வர வேண்டும். “ஓடிப் போய் எடுத்துட்டு வா” என்று நாம் நாலு வினையைச் சரம் தொடுக்கிற இடத்தில் பிரிட்டிஷ்காரர் ‘ஃபெட்ச்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அமெரிக்கருக்கு ‘ஃபெட்ச்’ என்றால் பந்தைத் தூக்கி எறிந்து நாயை அனுப்புகிற ஞாபகம் வரும். “கோ கெட் த சேர்” என்பார். மேலதிகாரியைப் பார்த்து இரண்டையும் சொல்லாமல் இருப்பது நல்லது. ‘கேரி’ இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்குத் திசையே கிடையாது. தூக்கிச் சுமப்பது மட்டும்தான். கோயம்பேட்டில் மூட்டையோடு நடக்கிறவர் ‘கேரி’ செய்கிறார், எந்தப் பக்கம் போனாலும்.

மனுஷரைக் கூட்டிக்கொண்டு வர, ஸ்டேஷனில் போய் அழைத்து வர, ‘பிக் அப்’. “நான் வந்து கூட்டிட்டு வர்றேன்” என்பதற்கு “ஐ வில் பிக் யூ அப்” போதும். ‘அப்’ விட்டுப்போனால் ஆளைத் தேர்ந்தெடுத்த மாதிரி ஆகிவிடும்.

கிளம்பினேன், சேர்ந்தேன்

“கிளம்பிட்டியா?” என்று போனில் கேட்பதை “ஹாவ் யூ ஸ்டார்டட்?” என்று மாற்றிச் சென்னை முழுக்கப் பேசுகிறது. வெளிநாட்டுக் காதுக்கு அது “எதை ஆரம்பித்தாய்?” என்று விழும். கிளம்புவதற்கு ‘லீவ்’ அல்லது ‘செட் ஆஃப்’. “ஹாவ் யூ லெஃப்ட்?” “எஸ், ஐ ஆம் ஆன் மை வே”. குளித்துக்கொண்டே “ஆன் த வே” என்று சொல்கிற பழக்கத்துக்கு எந்த மொழியிலும் மருந்து இல்லை.

‘லீவ்’ வினையில் ஒரு குழி இருக்கிறது. விழுந்தால் ஊரே மாறிவிடும். “ஐ லெஃப்ட் மதுரை” என்றால் மதுரையை விட்டுக் கிளம்பிவிட்டேன். “ஐ லெஃப்ட் ஃபார் மதுரை” என்றால் மதுரைக்குக் கிளம்பிவிட்டேன். எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குள் உட்கார்ந்துகொண்டு மதுரையில் காத்திருக்கும் மாமாவுக்கு முதல் வாக்கியத்தை அனுப்பினால், மாப்பிள்ளை வந்து திரும்பியே போய்விட்டாரா என்று அவர் பதறுவார். தமிழில் ‘மதுரையை விட்டு’, ‘மதுரைக்கு’ என்று வேற்றுமை உருபு செய்யும் வேலையை இங்கே ‘ஃபார்’ என்கிற குட்டிச் சொல் செய்கிறது.

இந்த ‘க்கு’தான் நம்மைப் படுத்துகிற ஆசாமி. வீட்டுக்கு, ஆபீஸுக்கு, ஊருக்கு என்று எங்கே போனாலும் கூடவே வரும். ஆங்கிலத்தில் அதை எல்லா இடத்திலும் ‘டு’ ஆக்கிவிடத் தோன்றும். “ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ்” என்றால் இந்தியாவில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்; வெளியே “டு த ஆபீஸ்” அல்லது “டு வொர்க்”. ஆனால் “ஐ ஆம் கோயிங் டு ஹோம்” எங்குமே பிழை. ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’, ‘அப்ராட்’, ‘அப்ஸ்டேர்ஸ்’ ஆகியவை ‘டு’வைத் தங்களுக்குள்ளேயே விழுங்கிவிட்ட சொற்கள். ‘கோ ஹோம்’, ‘கம் ஹியர்’. பக்கத்து வீட்டுப் பையன் ‘ஃபாரின்’ போனதும் அப்படித்தான்: “ஹி வென்ட் அப்ராட்”.

வினைகளிலும் இதே மாதிரி ‘டு’வை விழுங்கியவை உண்டு. ‘ரீச்’, ‘என்டர்’, ‘அப்ரோச்’, ‘கிராஸ்’, ‘ஃபாலோ’. “ஐ ரீச்ட் டு கிண்டி”, “ஹி என்டர்ட் இன்டு த ரூம்” இரண்டிலும் நடுவில் இருக்கிற சொல்லைத் தூக்கிப் போட்டால் வாக்கியம் நிமிரும். நினைவில் வைக்கப் பழைய தமிழே கை கொடுக்கும். ‘அடைந்தான்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘கிண்டியை அடைந்தான்’, ‘ஐ’ உருபு. ‘கடந்தான்’, ‘நெருங்கினான்’, ‘தொடர்ந்தான்’ எல்லாமே ‘ஐ’ வாங்கும். அவைதான் ‘ரீச்’, ‘கிராஸ்’, ‘அப்ரோச்’, ‘ஃபாலோ’. ‘வந்து சேர்ந்தான்’ என்றால் ‘கிண்டிக்கு’. அதுதான் ‘அரைவ்’, நடுவில் ஒரு சொல் கேட்கும். பெரிய ஊருக்கு ‘இன்’, குறிப்பிட்ட இடத்துக்கு ‘அட்’: “அரைவ்ட் இன் சென்னை”, “அரைவ்ட் அட் சென்ட்ரல் ஸ்டேஷன்”. ‘அரைவ் டு’ என்று ஒன்று கிடையாது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்கு அனுப்பும் “ரீச்ட்” என்ற ஒற்றைச் சொல் மெசேஜை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரீச்’ செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது; எதை அடைந்தாய் என்று கேள்வி தொங்கும். அம்மாவுக்கு அது போதும், யாரும் மாற்ற வேண்டியதில்லை. வெளிநாட்டு மேனேஜருக்கு என்றால் “ஐ ஹாவ் அரைவ்ட்”, அல்லது சாதாரணமாக “காட் ஹோம் சேஃப்லி”. பேச்சு ஆங்கிலத்தில் ‘ரீச்’சையும் ‘அரைவ்’வையும் விட ‘கெட் டு’தான் அதிகம் புழங்கும். “வாட் டைம் டிட் யூ கெட் டு தாம்பரம்?”

திரும்புவதில் ஒரு சின்ன விஷயம். தமிழில் லெஃப்டில் திரும்பினாலும் ஊர் திரும்பினாலும் ஒரே சொல். ஆங்கிலத்தில் முன்னது ‘டர்ன்’, பின்னது ‘ரிட்டர்ன்’. ‘ரிட்டர்ன்’ உள்ளேயே ‘பேக்’ இருப்பதால் ‘ரிட்டர்ன் பேக்’ இரட்டிப்பு. வீடு மாறினால் ‘ஷிஃப்ட்’ என்கிறோம். அது லேசாக இடம் தள்ளி உட்காருகிற அளவு நகர்வு. வேளச்சேரிக்குக் குடி போனால் “வீ மூவ்ட் டு வேளச்சேரி”.

ஏறு, இறங்கு

“முன்னாடி ஏறு, முன்னாடி ஏறு, படியில நிக்காத” என்று கண்டக்டர் கத்துகிறார். நாம் ஏறுவது பஸ், ரயில், ஆட்டோ, கார், பைக், மாடி, மலை, மரம் எதுவாக இருந்தாலும் தமிழுக்கு ‘ஏறு’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் “ஐ கிளைம்ப்ட் த பஸ்” என்றால் கூரை மேல் ஏறிய காட்சி வரும். ‘கிளைம்ப்’ கையும் காலும் மூச்சும் சேர்ந்து உழைக்கிற ஏற்றம். பரங்கிமலைப் படிக்கட்டுக்கு அது பொருத்தம்.

வண்டிக்கு ‘கெட்’. கூடவே ‘ஆன்’னா ‘இன்’னா என்பதுதான் கேள்வி. நிமிர்ந்து நடந்து போய் சீட் பிடிக்கிற அளவுக்கு இடமுள்ள வாகனம் என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’: பஸ், எலக்ட்ரிக் டிரெயின், மெட்ரோ, விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்கார்ந்தால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’: கார், ஆட்டோ, ஷேர் ஆட்டோ. கால் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாகப் போடுகிற பைக், சைக்கிள், குதிரைக்கு மறுபடியும் ‘ஆன்’. ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் அரை உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்து போகிறவருக்கு எது என்று கேட்டால், நியாயமாக அவருக்கு ‘ஆன்’தான் கொடுக்க வேண்டும்.

இறங்குவதற்கு நாம் சொல்லும் ‘கெட் டவுன்’ இந்திய ஆங்கிலத்தின் சொத்து. “ஐ வில் கெட் டவுன் அட் அடையார் டிப்போ” என்று 29சி பஸ்ஸில் சொன்னால் வண்டியே புரிந்துகொள்ளும். பிரிட்டனில் ‘கெட் டவுன்!’ என்று கத்தினால், மேலிருந்து ஏதோ விழப்போகிறது என்று எல்லாரும் குனிவார்கள், அல்லது மேஜை மேல் ஏறிய குழந்தை இறங்கும். பஸ்ஸுக்கு “ஐ ஆம் கெட்டிங் ஆஃப் அட் த நெக்ஸ்ட் ஸ்டாப்”.

ஏறு என்பதற்கு ஏற்று என்றும், இறங்கு என்பதற்கு இறக்கு என்றும் தமிழில் பிறவினை உண்டு. ஆங்கிலத்தில் இந்த மாதிரி ஜோடிகள் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. ‘ரைஸ்’ தானே எழுவது, ‘ரெய்ஸ்’ எழுப்புவது. ‘லை’ கிடப்பது, ‘லே’ கிடத்துவது. ‘ஃபால்’ விழுவது, ‘ஃபெல்’ மரத்தை வீழ்த்துவது. “த ரேட் ரெய்ஸ்ட்” என்று எழுதத் தோன்றும்போது ‘விலை ஏற்றியது’ என்று தமிழில் வாசித்துப் பார்த்தால் பிழை பல்லிளிக்கும்.

எப்படிப் போனான்?

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் மையம் என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

நேப்பியர் பாலத்தில் நின்று கூவத்தைப் பார்க்கிறோம். ஒரு பாட்டில் மிதந்து வந்து பாலத்துக்கு அடியில் புகுந்து கடல் பக்கம் போகிறது. தமிழில் ‘மிதந்துகிட்டே பாலத்துக்கு அடியில போச்சு’. போச்சு என்கிற முற்றுவினையில் நகர்வு இருக்கிறது. எப்படி என்பது ‘மிதந்து’ என்கிற எச்சத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் “த பாட்டில் ஃப்ளோட்டட் அண்டர் த பிரிட்ஜ்”. எப்படி என்பதே முற்றுவினையாகி நடுவில் உட்கார்ந்துகொண்டது. எந்தப் பக்கம் என்பதை ‘அண்டர்’ பார்த்துக்கொள்கிறது. போச்சா, வந்துச்சா? அதைச் சொல்லவே இல்லை. உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்று லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் எழுதினார். எந்தப் பக்கம் என்கிற பாதையை வினையில் வைக்கும் மொழிகள் ஒரு பக்கம், பாதையை வினைக்கு வெளியே ஒரு சின்னச் சொல்லில் வைக்கும் மொழிகள் மறுபக்கம். ஸ்பானிஷ் முதல் வகை, ஆங்கிலம் இரண்டாவது வகை. தமிழ் ஸ்பானிஷ் பக்கம் சாய்ந்து நிற்கிறது. வினையெச்சம் கையில் இருப்பதால் நமக்கு வசதி இன்னும் அதிகம்.

இதனால் என்ன ஆகிறது? தமிழர் ஆங்கிலம் எழுதும்போது எல்லா இடத்திலும் ‘வென்ட்’டும் ‘கேம்’மும் வந்து நிற்கும். தமிழில் வாக்கியத்தை முடிக்கப் போனானா வந்தானா என்று சொல்லியாக வேண்டும். நொண்டிக்கிட்டே வந்தான், தள்ளாடிக்கிட்டே போனான், தவழ்ந்து வந்துச்சு. பேசுகிறவர் கண் எங்கே இருக்கிறது என்பதைத் தமிழ் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிவிடும். ஆங்கிலம் கேட்காது. “ஹி லிம்ப்ட் இன்டு த ரூம்”. நொண்டினான், அறைக்குள். அவ்வளவுதான். ‘கேம் லிம்பிங்’ என்று எழுதினால் குற்றமில்லை, ஆனால் அந்த மொழியின் நடை வேறு.

இதன் அன்றாட உதாரணம் “ஐ கோ டு ஆபீஸ் பை வாக்”. நடந்து போறேன் என்பதில் ‘போறேன்’ முற்றுவினை என்பதால் ‘கோ’ முன்னே வந்து, நடையை எங்கேயாவது ஒட்ட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் நடையே வினை: “ஐ வாக் டு வொர்க்”. வாகனங்களும் அப்படியே. மதுரைக்கு ஃப்ளைட்டில் போனால் “ஐ ஃப்ளூ டு மதுரை”. சைக்கிளில் போனால் “ஐ சைக்கிள்ட்”. கார் ஓட்டிக்கொண்டு போனால் “ஐ ட்ரோவ் டு மகாபலிபுரம்”. ‘பை ஃப்ளைட்’, ‘பை கார்’ தப்பில்லை. வாகனத்தை அழுத்திச் சொல்லும்போது வரும். ஓட்டுவதில் மட்டும் கவனம் தேவை. கார், லாரி, ஆட்டோவை ‘டிரைவ்’ செய்ய வேண்டும். மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டர், பைக், சைக்கிள், குதிரையை ‘ரைட்’ செய்ய வேண்டும். தமிழில் விமானத்தைக்கூட ‘ஓட்டு’கிறோம்.

நடையின் சாயல்களுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் வினைகள் நூற்றைத் தாண்டும். மனப்பாடம் செய்யப் பட்டியல் போடுவதைவிட மெரினாவுக்குக் காலையில் ஒரு நடை போகலாம். ஷூவும் தொப்பியுமாய்க் கையை வீசி எட்டி நடக்கிற பெரியவர் ‘ஸ்ட்ரைட்’ செய்கிறார். பின்னால் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு சுண்டல் வண்டி இருக்கிறதா என்று வேடிக்கை பார்த்தபடி வருகிறவர் ‘ஸ்ட்ரோல்’. காமராஜர் சாலை ஓரத்திலிருந்து தண்ணீர் வரை மணல் பல இடங்களில் 300 மீட்டர் அகலம். போகும்போது தெரியாது. வெயில் ஏறியபின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கால் புதையப் புதைய, எப்போதடா ரோடு வரும் என்று திரும்புகிறோமே, அது ‘டிரட்ஜ்’. ‘ஸ்ட்ரோல்’, ‘டிரட்ஜ்’ இரண்டிலும் வேகம் குறைவுதான். முன்னதில் மெதுவாக நடக்க ஆசை, பின்னதில் வேகமாக நடக்கத் தெம்பில்லை. போக்கிடம் தெரியாமல் அல்லது அதைப் பற்றிக் கவலையில்லாமல் போனால் ‘வாண்டர்’. போதையிலோ மயக்கத்திலோ தள்ளாடினால் ‘ஸ்டேகர்’. சாலையில் குடியரசு தின ஒத்திகை நடந்துகொண்டிருந்தால் அது ‘மார்ச்’. அணிவகுப்புக்கு மட்டும் என்றில்லை. ராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த நடைப்பயணத்துக்கும் ஆங்கிலத்தில் ‘மார்ச்’தான். ஒரு குறிக்கோளோடு பலர் சேர்ந்து நடப்பது.

மெரினாவில் கிடைக்காத நடை ரங்கநாதன் தெருவில் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கினால் நாம் நடப்பதில்லை. கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகும். காலைத் தரையிலிருந்து தூக்க இடமில்லாமல் தேய்த்துத் தேய்த்து நகர்வது ‘ஷஃபிள்’. இந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சுவாரஸ்யமான வசதி இருக்கிறது. நகர்வையே குறிக்காத வினையோடு ‘ஒன்ஸ் வே’ (‘மை வே’, ‘ஹெர் வே’ மாதிரி) சேர்த்தால் அது நகர்வாகிவிடும். “ஷி எல்போட் ஹெர் வே த்ரூ த கிரௌட்”. முழங்கையால் இடித்து வழி உண்டாக்கிக்கொண்டு போனாள். ‘புஷ்’, ‘ஸ்க்வீஸ்’, ‘பேர்கன்’ எதையும் இப்படிப் போடலாம். கடை கடையாகப் பேரம் பேசிக்கொண்டே உஸ்மான் ரோடு வரை போன அத்தை “பேர்கன்ட் ஹெர் வே டு உஸ்மான் ரோட்”. முண்டியடித்துக்கொண்டு, இடித்துக்கொண்டு என்று நாம் ‘கொண்டு’வால் செய்வதை அவர்கள் ‘வே’யால் செய்கிறார்கள்.

‘கிரால்’, ‘கிரீப்’ இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. குழந்தை தவழ்வது ‘கிரால்’. மழை நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் ஊர்வதும் ‘கிரால்’. ‘கிரீப்’பில் திருட்டுத்தனம் இருக்கிறது, பதுங்கிப் பதுங்கிப் போவது. ராத்திரி லேட்டாக வந்து அப்பா விழிக்காமல் உள்ளே போனால் ‘கிரெப்ட் இன்’. அதையே கால் விரல் நுனியில் செய்தால் ‘டிப்டோ’. விலைவாசி நமக்குத் தெரியாமல் ஏறுவதும் ‘கிரீப் அப்’.

ஓட்டத்தில் நாம் பெரும்பாலும் தப்புவதில்லை. படம் ஓடும், மோட்டார் ஓடும், பந்த் அன்றைக்கு பஸ் ஓடாது. ஆங்கில ‘ரன்’னும் அப்படியே ஓடும். “பஸ்ஸஸ் ஆர் நாட் ரன்னிங் டுடே”. ஓடிப்போவதில்தான் பிரிவுகள். பயந்து ஓடினால் ‘ஃப்ளீ’. பிடியிலிருந்து தப்பினால் ‘எஸ்கேப்’. தப்பிக்க ஓடியே ஆக வேண்டும் என்றில்லை. காதலர்கள் வீட்டுக்குத் தெரியாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டால் ‘எலோப்’. பணத்தோடு கம்பி நீட்டினால் ‘அப்ஸ்காண்ட்’. இந்தக் கடைசிச் சொல்லை நம்மூர் எச்.ஆர். கையிலிருந்து யாராவது வாங்கிவைத்தால் தேவலை. சொல்லாமல் கொள்ளாமல் நாலு நாள் வேலைக்கு வராதவரைக்கூட ‘அப்ஸ்காண்டிங்’ என்று எழுதி மெயில் அனுப்பிவிடுகிறார்கள். வெளிநாட்டு ஆபீஸில் அதைப் படிப்பவர், கம்பெனிப் பணத்தில் எவ்வளவு போனது, போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்பார். “ஹி ஹேஸ் ஸ்டாப்ட் கமிங் டு வொர்க்” என்று எழுதினால் நடந்தது என்னவோ அது மட்டும் போய்ச் சேரும்.